முப்பது நிமிடப் பக்கம்

அரேகிப்பா
2006 மே 4, வியாழன்

அன்புள்ள தம்பி கசிமிரோவுக்கு,

அண்ணன் எவாரிஸ்தோ எழுதுவது. நானும் உன் அண்ணி எல்சாவும் இருக்கிறோம்; என் வயிற்றுப்புண்ணும் எங்களோடு சேர்ந்து சௌக்கியமாக இருக்கிறது. உன் மூட்டுவலி எப்படி? உன் வீட்டில் பெனிட்டாவின் இருமல் நின்றதா? உன் பெண் யெனிக்கு வாத்தியார் வந்துவிட்டாரா, இல்லை இன்னும் பாதிரியாரேதான் கணக்கும் சொல்லிக்கொடுக்கிறாரா?

சுரங்க முகாமின் காவல் அறைத் தொலைபேசியில் நீ பேசினால் பத்துப் பேர் கேட்கிறார்கள். இங்கே அலுவலக மின்னஞ்சலை மேலாளர் படிக்கிறார். வியாழக்கிழமை மலை ஏறி திங்கட்கிழமை இறங்கும் லாரியின் தபால் பைதான் நமக்குக் கதி. அதிலும் நல்ல செய்தி எழுத எனக்கு வாய்ப்பதில்லை.

என் உள்வலையைப் பிடுங்குகிறார்கள். கம்பெனிக் கம்ப்யூட்டர்களில் மட்டும் திறக்கும் அந்த இணையத்தளத்தை எட்டு வருடமாகப் பக்கம் பக்கமாக என் கையால் செய்தேன். விடுப்பு விண்ணப்பத்திலிருந்து வெடி வைக்கும் விதிவரை ஆயிரத்து நூற்று நாற்பது பக்கங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் சின்ன எழுத்தில் என் பெயர். மேலாளர் பால்கார்செலுக்கு அந்தச் சின்ன எழுத்துத்தான் கண்ணில் தூசியாக விழுந்திருக்கிறது. பத்தொன்பது வருடத்தில் ஒருமுறையும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடாத மனிதர் அவர்.

லிமாவிலிருந்து ஹிமேனா என்று ஓர் ஆலோசகரை வரவழைத்திருக்கிறார். வயது இருபத்தெட்டு. இனி பக்கம் என்று ஒன்று தனியாகக் கிடையாதாம். எழுத்தெல்லாம் ஒரு தரவுத்தளத்தில் கிடக்குமாம். யாராவது கேட்கும்போது இயந்திரம் அதைச் சேர்த்துப் பக்கமாகக் காட்டுமாம். அந்தந்தத் துறைக்காரர்களே திருத்திக்கொள்ளலாமாம். தேதியையும் அதுவே போட்டுக்கொள்ளுமாம்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஒரு விதி மாறினால் பழைய பக்கத்தை நான் அழிப்பதில்லை. அதற்குப் போகும் இணைப்பை மட்டும் எடுத்துவிடுவேன். பக்கம் யார் கண்ணிலும் படாமல் ஃபோல்டருக்குள்ளேயே கிடக்கும். நாளைக்கு ஓர் ஆய்வாளர் கேட்டால் எடுத்துக் காட்டலாம். எது உயிரோடு இருக்கிறது, எது செத்தது என்ற கணக்கு என் தலைக்குள் மட்டும் இருக்கிறது. அந்தப் பெண் வந்து கேட்டாள்:

"சார், ஃபோல்டர்ல இருக்கறது எல்லாத்தையும் எடுத்துக்கலாமா? விட வேண்டியது ஏதாவது இருக்கா?"

"எல்லாம் அதுலதான் மேடம் இருக்கு. அப்படியே அள்ளிக்கோங்க."

"அவ்வளவு சுலபமா? நான் ஒரு மாசம் ஆகும்னு பயந்துட்டு வந்தேன்."

"எனக்கென்ன தெரியும்? நான் பழைய ஆளு."

நான் பொய் சொல்லவில்லை. அவள் முழுதாகக் கேட்கவில்லை, அவ்வளவுதான். ஒரே தலைப்பில் பழையதும் புதியதுமாக இருநூறு பக்கமாவது இருக்கும். இயந்திரம் ஒரு தலைப்புக்கு ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளும். கடைசியாக வருவது முன்னதை அமுக்கிவிடும். எது ஜெயிக்கிறது என்று உட்கார்ந்து பார்க்கப் போகிறேன்.

குளிரில் வெறும் வயிற்றோடு சுரங்கத்தில் இறங்காதே.

உன் அண்ணன்,
எவாரிஸ்தோ


புக்கா ஓர்க்கோ முகாம்
2006 மே 15, திங்கள்

அன்புள்ள அண்ணனுக்கு,

தம்பி கசிமிரோ வணக்கத்தோடு எழுதுவது. மூட்டு மழை வருமுன் சொல்கிறது, மழை வந்த பின்னும் சொல்கிறது. பெனிட்டா இருமலை விட்டாள். இப்போது என்னைப் பார்த்துத்தான் கத்துகிறாள். யெனி உங்களுக்கு முத்தம் தரச் சொன்னாள். உங்கள் வயிற்றுக்கு உருளைக்கிழங்கு மாவுக் கஞ்சி குடியுங்கள், மிளகாயைத் தொடாதீர்கள். தொடுவீர்கள் என்று தெரியும்.

உங்கள் கடிதத்தை ருபெர்த்தோவிடம் வாசித்துக் காட்டினேன். யெனிக்கு ஞானத்தகப்பன் என்பதால் நம் வீட்டு விஷயம் எல்லாம் தனக்குச் சொந்தம் என்று நினைக்கிறவன். "ஒங்கண்ணன் கோவத்த அடுப்புல வெச்சா முகாமுக்கே சூப்பு காய்ச்சலாம்டா" என்றான். கோபிக்காதீர்கள், அவன் உங்களைப் பெரிய படிப்பாளி என்றும் சொன்னான்.

இங்கேயும் மாற்றம் வந்துவிட்டது. தலைவிளக்குகளைக் கொடுத்து வாங்கும் விளக்கு அறையில் ஒரு கம்ப்யூட்டர் வைத்திருக்கிறார்கள். புது இன்ஜினியர் புஸ்தின்சா, மீசை இன்னும் முழுசாக முளைக்காதவர், சுவரில் ஒட்டியிருந்த விதித் தாள்களையெல்லாம் கிழிக்கச் சொன்னார். இனி திரையில் என்ன இருக்கிறதோ அதுதான் விதியாம், மேலாளர் உத்தரவாம். ருபெர்த்தோ சும்மா இருப்பானா?

"சார், கரண்டு போனா விதியும் போயிருமா?"

"ஜெனரேட்டர் இருக்குல்ல?"

"ஜெனரேட்டர் இருக்கு சார். டீசல்தான் இல்ல."

எல்லோரும் சிரித்தோம். தாள்களைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டார்கள்.

கோபத்தை அடக்கிக்கொள்ளுங்கள் அண்ணா. அந்தப் பெண் உங்களுக்கு என்ன செய்தாள்?

என்றும் உங்கள் தம்பி,
கசிமிரோ


அரேகிப்பா
2006 ஜூன் 1, வியாழன்

அன்புள்ள கசிமிரோ,

நலம் என்று எழுதுவது வழக்கம், எழுதிவிட்டேன். நீங்கள் எல்லோரும் நிஜமாகவே நலமாக இருக்க வேண்டும்.

இன்று காலை புது உள்வலையைத் திறந்து வைத்தார்கள். பால்கார்செல் சுட்டெலியை அழுத்தினார், எல்லோரும் கை தட்டினார்கள், பன்றிக்கறி ரொட்டி பரிமாறினார்கள். ஹிமேனாவுக்குப் பூச்செண்டு. என் பெயரை ஒரு பக்கத்திலும் காணவில்லை. ஆயிரத்து நூற்று நாற்பது இடத்திலிருந்து ஒரே இரவில் என்னைத் துடைத்துவிட்டார்கள்.

ஆனால் மதியத்துக்குள்ளேயே கூத்து ஆரம்பமாகிவிட்டது. உணவுக்கூடத்தின் இந்த வாரப் பட்டியல் என்று தேடியவர்களுக்கு 1999ஆம் ஆண்டுப் பட்டியல் வந்தது. அடியில் 'ஜூன் 1, 2006' என்று அழகாகத் தேதி. விடுப்பு விண்ணப்பத்தை அனுப்ப வேண்டிய அதிகாரி என்று நான்கு வருடம் முன் செத்துப்போனவரின் பெயர். கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து, "எவாரிஸ்தோ, செத்தவருக்கு லீவு லெட்டர் போடணும்னா மேல போய்தான் கொடுக்கணுமா?" என்றார். ரொம்ப நாளைக்குப் பிறகு வயிற்றுவலி இல்லாமல் சிரித்தேன்.

ஹிமேனா சாயங்காலம் என் மேசைக்கு வந்தாள். கண் சிவந்திருந்தது.

"சார், பழசு எது புதுசு எதுன்னு உங்களுக்குத்தான் தெரியும்னு சொல்றாங்க. ஒரு லிஸ்ட் போட்டுக் கொடுத்தீங்கன்னா..."

"எழுத்துல கேளுங்க மேடம். மேலாளர் கையெழுத்தோட."

கேட்டு எழுத அவளுக்குக் கௌரவம் இடம் கொடுக்காது. பால்கார்செலுக்கு அதைவிடக் கொடுக்காது.

யெனியின் பிறந்தநாளுக்கு எல்சா ஒரு கம்பளிக் குல்லாய் பின்னியிருக்கிறாள். பையில் இருக்கிறது.

அண்ணன்


புக்கா ஓர்க்கோ
2006 ஜூன் 12, திங்கள்

அன்புள்ள அண்ணனுக்கு,

குல்லாய் வந்தது. யெனி தூங்கும்போதும் கழற்றுவதில்லை. அண்ணிக்கு எங்கள் நன்றி. நாங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருந்தோம், போன புதன்கிழமை வரைக்கும்.

அன்று கீழ் மட்டத்தில் வெடி போட்டோம். வெடித்த பிறகு விஷப்புகை போக இரண்டு மணி நேரம் வெளியே காத்திருப்போம். 2001இல் சிரிலோ நாற்பதாவது நிமிடத்தில் உள்ளே போய், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே செத்துக் கிடந்தானே, அதற்குப் பிறகு வந்த விதி அது. அவன் தலையில் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. நான்தான் அணைத்தேன்.

நாங்கள் உட்கார்ந்து கோக்கா இலை மென்றுகொண்டிருந்தோம். இன்ஜினியர் வந்தார்.

"என்னப்பா, பிக்னிக்கா? அரை மணி ஆச்சு, இறங்குங்க."

"ரெண்டு மணி நேரம் சார்" என்றேன்.

"யாரு சொன்னா? முப்பது நிமிஷம்னு போட்டிருக்கு. வந்து பாருங்க."

விளக்கு அறைக்குக் கூட்டிப்போய்த் திரையைக் காட்டினார். 'வெடிக்குப் பின் உள்ளே நுழைதல்: முப்பது நிமிடம்.' அடியில் ஜூன் 1, 2006. ஆறு நாளுக்கு முன் போட்ட விதி பெரியதா, என் ஞாபகம் பெரியதா? சுவரில் இருந்த தாளை எரித்தாகிவிட்டது. இறங்கினோம்.

உள்ளே புகை செங்கல் நிறத்தில் கிடந்தது. இனிப்பு வாசனை. ருபெர்த்தோ வாந்தி எடுத்தான். எனக்கு இரண்டு நாள் தலைக்குள் யாரோ சுத்தியல் அடித்தார்கள். ஷிப்டுக்கு நான் தலைவன். எனக்குப் பின்னால் ஆறு பேர் வருகிறார்கள் அண்ணா.

எது சரி? அந்தப் பக்கங்களைச் செய்தவர் நீங்கள். ஒரு வரி எழுதுங்கள்.

தம்பி,
கசிமிரோ


அரேகிப்பா
2006 ஜூன் 22, வியாழன்

அன்புள்ள கசிமிரோ,

உன் கடிதம் கிடைத்தது. போன வார லாரிக்கு எழுத முடியவில்லை, உடம்பு சரியில்லை. இங்கே குளிர் இந்த வருடம் அதிகம். அம்மாவின் நினைவுப் பூசைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அவளை அடக்கம் செய்து மூன்று நாள் கழித்து நீ வந்ததை நான் மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. ஆனாலும் உன் பெயரையும் சேர்த்துத்தான் பூசைக்குக் கொடுத்திருக்கிறேன்.

நீ கேட்ட விஷயம். இரண்டு மணி நேரம் பொறு. அதற்குக் குறையாதே. காரணம் கேட்காதே, இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே.

அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். பார்க்கத்தான் முடிகிறது, தொட முடியவில்லை. திருத்தும் உரிமையைப் பாதுகாப்புத் துறைக்குக் கொடுத்திருக்கிறார்கள். அங்கே இருக்கிறவர்கள் எல்லோரும் 2001க்குப் பிறகு வந்தவர்கள். திருத்தச் சொல்ல ஒரு படிவம் இருக்கிறது. பெயர், பதவி, பிழை எப்படி நேர்ந்தது என்ற விவரம், கையொப்பம். பார்க்கிறேன்.

ருபெர்த்தோ தேறிவிட்டானா? பால் குடிக்கச் சொல்.

இரண்டு மணி நேரம்.

அண்ணன்


புக்கா ஓர்க்கோ
2006 ஜூலை 3, திங்கள்

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் நடமாடுகிறோம். உங்கள் உடம்பு பற்றி நீங்கள் எழுதியது ஒன்றும் புரியவில்லை. என்ன காய்ச்சல்? மருத்துவரைப் பார்த்தீர்களா?

கடிதத்தைக் காட்டவில்லை. ஆனால் சொல்லிப் பார்த்தேன். "தலைமை அலுவலகத்துல இருக்கற எங்கண்ணன் ரெண்டு மணின்னு சொல்றாரு சார்."

இன்ஜினியர் பக்கத்தை மேலும் கீழும் ஓட்டினார். "உங்க அண்ணன் பேரு இதுல எங்க இருக்கு? காட்டுங்க பாப்போம்."

நான் என்ன காட்ட? ஆனாலும் மூன்று தடவை இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். வேலையைத் தாமதப்படுத்தியதாக இரண்டு தடவை எழுத்தில் எச்சரிக்கை வந்துவிட்டது. மூன்றாவது வந்தால் ஆறு பேரையும் என்னையும் முகாமைவிட்டு இறக்கிவிடுவார்கள். பயல்கள் என்னைக் குறை சொல்லவில்லை, ஆனால் பார்க்கும் பார்வை மாறிவிட்டது. அவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இன்னொன்று. சனிக்கிழமை யாரோ காவல் அறைக்கு அரேகிப்பாவிலிருந்து பேசினார்களாம். என்னைக் கேட்டார்களாம். நான் கீழே இருந்தேன். "ரெண்டு மணி நேரம்னு சொல்லுங்க" என்று ஒரு குரல். காவலாளி, "எதுக்கு ரெண்டு மணி? நீங்க யாரு பேசறது?" என்று கேட்டதும் வைத்துவிட்டார்களாம். ருபெர்த்தோ அன்றிலிருந்து என்னைக் கிண்டல் பண்ணுகிறான். "அரேகிப்பால ஒரு பொம்பள ஒனக்காக ரெண்டு மணி நேரம் காத்துக்கிட்டிருக்காடா. பெனிட்டாகிட்ட நானே சொல்லிடவா?" நானும் சிரித்தேன்.

சிரித்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணா. வெடிக்குப் பயந்ததில்லை, பாறைக்குப் பயந்ததில்லை. அவை சத்தம் போட்டுவிட்டு வரும். இந்தப் புகை ஒன்றும் சொல்லாது. சுரங்க வாயில் காலை வைக்குமுன் நின்றுவிடுகிறேன். மற்றவர்கள் பார்த்துவிடக் கூடாதென்று பூட்ஸ் கயிற்றைக் கட்டுவதுபோல் குனிகிறேன்.

கம்பெனித் தாளில், உங்கள் கையெழுத்தோடும் முத்திரையோடும், ஒரே ஒரு வரி: இரண்டு மணி நேரம். அது என் சட்டைப்பையில் இருந்தால் போதும், யாரையும் எதிர்த்து நிற்பேன். இன்னும் இரண்டு லாரி வரும்வரை பார்ப்பேன். அதற்குள் வராவிட்டால் திரையில் இருப்பதைத்தான் செய்தாக வேண்டும்.

தம்பி


அரேகிப்பா
2006 ஜூலை 6, வியாழன்

கசிமிரோ,

நலமாக இரு. அவசரமாக எழுதுகிறேன், லாரி கிளம்பப்போகிறது.

தாள் வரும். படிவத்தை நிரப்பி வைத்திருக்கிறேன். பிழை எப்படி நேர்ந்தது என்ற ஒரு கேள்வி மட்டும் பாக்கி. அதற்கு எப்படி எழுதினாலும் வாக்கியம் என் பெயரில்தான் போய் முடிகிறது. நீ சுரங்கத்தில் இருப்பவன், உனக்கு இது புரியாது: பத்தொன்பது வருடம் ஒரு மேசையில் உட்கார்ந்தவனை ஒரு தாளால் தெருவில் நிறுத்தலாம். அதைப் படித்துப் பால்கார்செல் சிரிப்பதை என்னால் காதில் கேட்க முடிகிறது.

மாதக் கடைசியில் தேசியத் திருநாள் விடுமுறை வரைக்கும் பொறு. அதற்குள் வேறு ஏதாவது வழி கண்டுபிடிக்கிறேன். அதுவரை ஏதாவது சாக்குச் சொல். விளக்கு பழுது என்று சொல். வயிற்றுப்போக்கு என்று சொல்.

அண்ணன்


அரேகிப்பா
2006 ஜூலை 20, வியாழன்

அன்புள்ள தம்பி கசிமிரோவுக்கு,

உங்கள் நலத்துக்குத் தினமும் மெழுகுவர்த்தி ஏற்றுகிறாள் எல்சா. பத்தாம் தேதி லாரியிலும் உன் கடிதம் இல்லை, பதினேழாம் தேதி லாரியிலும் இல்லை. கோபமா? பதின்மூன்றாம் தேதி நான் எழுதாமல் விட்டதற்கா?

நல்ல செய்தி. எழுதும்போதே மூச்சு லேசாகிறது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குப் பக்கம் திருத்தப்பட்டுவிட்டது. படிவம் இல்லை, கையொப்பம் இல்லை. ஹிமேனாவிடம் காபியோடு போய், பேச்சோடு பேச்சாக, "அந்த வெடிப் பக்கத்துல ஒரு எண்ணு தப்பா இருக்கு பாருங்க" என்றேன். அவளுக்கு எல்லாப் பக்கத்தையும் திருத்தும் அதிகாரம் இருக்கிறது. "முப்பது நிமிஷமில்ல, ரெண்டு மணி நேரமா? எவ்ளோ பெரிய வித்தியாசம்! எப்படி சார் இது வந்துச்சு?" என்று கேட்டாள். ஏதோ சொன்னேன். நான்கு விசை தட்டினாள், முடிந்தது. பழைய எண் எங்கே போனது என்றே தெரியவில்லை. இப்போது போய்ப் பார்: இரண்டு மணி நேரம், ஜூலை 18, 2006. இனி இன்ஜினியரிடம் தலை நிமிர்ந்து நில்.

ஆனால் ஏன் எழுதவில்லை? லாரி ஓட்டுநரிடம் மேலே எல்லோரும் நலமா என்று கேட்டேன். "கணவாய்ல பனி சார்" என்றான். நான் பனியைப் பற்றிக் கேட்கவில்லை என்றேன். கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டான். காவல் அறைத் தொலைபேசி அடித்துக்கொண்டே இருக்கிறது. பால்கார்செலின் அறைக் கதவு நேற்றிலிருந்து உள்ளே தாழிட்டிருக்கிறது. வக்கீல்கள் போய் வருகிறார்கள். யாரும் என்னிடம் எதுவும் சொல்வதில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார்களோ என்று இருக்கிறது.

ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

அண்ணன்


புக்கா ஓர்க்கோ
2006 ஜூலை 24, திங்கள்

மதிப்புக்குரிய அத்தானுக்கு,

பெனிட்டா எழுதிக்கொள்வது. அக்காவும் நீங்களும் நலமாக இருக்க ஆண்டவர் அருளட்டும். இங்கே நலம் இல்லை.

பதினெட்டாம் தேதி செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணிக்குக் கீழ் மட்டத்தில் வெடி போட்டார்கள். இரண்டரைக்கு இன்ஜினியர் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினாராம். இவர் முன்னால் போனார், ருபெர்த்தோ பின்னால். மற்றவர்களைக் கொஞ்சம் தள்ளி வரச் சொல்லியிருக்கிறார். இவர் விழுந்ததும் ருபெர்த்தோ கையைப் பிடித்து எண்பது மீட்டர் இழுத்துக்கொண்டு வந்து காற்றில் போட்டிருக்கிறார். ஓர் ஆள் குறைகிறது என்று திரும்பப் போனார். அந்த ஆள் ஏற்கெனவே வேறு வழியில் வெளியே வந்து நின்றுகொண்டிருந்தான். ருபெர்த்தோ வரவில்லை. இரண்டு மணி நேரம் கழித்துத்தான் எடுத்தார்கள்.

இவர் மருத்துவ அறையில் ஆக்ஸிஜனோடு இருக்கிறார். உயிருக்குப் பயமில்லை என்கிறார் டாக்டர், ஆனால் கணவாய் உயரத்தை நெஞ்சு தாங்காது என்று கீழே இறக்க மறுக்கிறார். அன்றிலிருந்து தொலைபேசியைப் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

அத்தான், இவரைக் குற்றவாளி என்கிறார்கள். விசாரணைக்கு வந்த கம்பெனி வக்கீல் விளக்கு அறையில் திரையைத் திறந்து காட்டினார். இரண்டு மணி நேரம் என்று இருக்கிறது. தேதி ஜூலை 18. "விபத்து நடந்த அன்னிக்கே விதி ரெண்டு மணின்னு இருக்கு. ஷிப்ட் தலைவர் அரை மணியில ஆளுங்கள இறக்கியிருக்காரு" என்று எழுதிக்கொண்டார்கள். இன்ஜினியர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார், வாயைத் திறக்கவில்லை. இவர் முகமூடியைக் கழற்றிவிட்டு, "முப்பதுன்னு இருந்துச்சு, என் கண்ணால பாத்தேன்" என்று சொல்கிறார். மூச்சு வாங்குகிறது. வக்கீல், "புகையில மூளை குழம்பியிருக்கும்மா" என்று என்னிடம் சொல்கிறார்.

சிறைக்கு அனுப்புவார்கள் என்கிறார்கள். ருபெர்த்தோவின் மனைவி ஹஸிந்தா எங்கள் வீட்டு வழியாகப் போவதை நிறுத்திவிட்டாள்.

உங்கள் இருபதாம் தேதிக் கடிதம் வந்தது. நான்தான் பிரித்துப் படித்தேன். இவரிடம் இன்னும் காட்டவில்லை. பக்கம் எப்போது மாறியது என்று உலகத்தில் தெரிந்தவர் நீங்களும் அந்தப் பெண்ணும்தான். விசாரணை இங்கே முகாமிலேயே, ஆகஸ்ட் மூன்றாம் தேதி.

பெனிட்டா


அரேகிப்பா
2006 ஜூலை 27, வியாழன்

கசிமிரோ,

உன் உடம்பைப் பற்றிக் கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. கேட்கிறேன். மூச்சு எப்படி இருக்கிறது?

பெனிட்டாவின் கடிதம் திங்கட்கிழமை இரவு வந்தது. செவ்வாய் முழுக்க அலுவலகக் கழிவறையில் தாழ் போட்டு உட்கார்ந்திருந்தேன். உண்மையைச் சொல்கிறேன்: அந்த நாளில் பாதி நேரம் உன்னை நினைத்துப் பயந்தேன், மீதிப் பாதி என்னை நினைத்து.

புதன்கிழமை ஹிமேனாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்துவாள் என்று நினைத்தேன்.

"மே மாசம் நான் கேட்டேனே. அப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எல்லாத்தையும் அள்ளிக்கோன்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"பதினெட்டாம் தேதி தட்டச்சுப் பிழைன்னு சொன்னீங்க."

"ஆமா."

அப்புறம் அவள் என்னைப் பார்க்கவில்லை. தரவுத்தளத்தின் உள்பதிவைத் திறந்து, மாற்றிய நேரத்தை எடுத்து அச்சடித்தாள். மாலை ஐந்து மணி நான்கு நிமிடம். திரையில் தேதி மட்டும் தெரிகிறது. மணி உள்ளே இருக்கிறது. தன் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தாள். பூட்டிவைத்திருந்த என் பழைய சர்வரிலிருந்து இரண்டு பக்கங்களையும் நான் எடுத்தேன், செத்த முப்பது நிமிடத்தையும் உயிருள்ள இரண்டு மணி நேரத்தையும்.

பால்கார்செலுக்குத் தெரிந்து கூப்பிட்டார். பத்தொன்பது வருடத்தில் முதன்முறையாக, "உக்காருங்க எவாரிஸ்தோ" என்றார். "திரையில ரெண்டு மணின்னு இருக்கு. அது கம்பெனிக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது. உங்க தம்பிக்கு நல்ல வக்கீலா நானே பாத்துத் தர்றேன். எதுக்கு நீங்களே போய்க் கழுத்தைக் கொடுக்கறீங்க?"

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், அந்த நாற்காலியில் நான் ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். உடனே எழுந்துவிட்டேன் என்று பின்னால் யாரிடமாவது சொல்லிக்கொள்ளக் கூடாது.

பிறகு அரசு விசாரணை அதிகாரியிடம் போய் ஒன்பது பக்க வாக்குமூலம் கொடுத்துவிட்டு வந்தேன். உன் நகல் இத்துடன் இருக்கிறது. அதில் எல்லாம் இருக்கிறது: ஆத்திரத்தில் எல்லாவற்றையும் அள்ளச் சொன்னது, பட்டியல் தர மறுத்தது, ஜூன் பன்னிரண்டிலிருந்து தெரிந்தும் கையெழுத்துப் போடாதது, காவல் அறைக்குப் பேசிப் பெயர் சொல்லாமல் வைத்தது, பக்கத்தைத் திருட்டுத்தனமாகத் திருத்தி உன் சாட்சியை அழித்தது. என்னை எந்த நேரமும் கூட்டிப்போகலாம். தெருவில் வண்டி நின்றால் எல்சா விளக்கை அணைக்கிறாள்.



எவாரிஸ்தோ


புக்கா ஓர்க்கோ
2006 ஆகஸ்ட் 14, திங்கள்

எவாரிஸ்தோவுக்கு,

விசாரணையில் உங்கள் ஒன்பது பக்கத்தையும் வாசித்தார்கள். ஒரு மணி நேரம் ஆனது. இன்ஜினியரும் அதற்குப் பிறகு உண்மையைச் சொன்னார். என்மேல் குற்றமில்லை என்று எழுதிவிட்டார்கள். உங்களைக் கூப்பிட்டு அனுப்புவார்கள் என்கிறார்கள். எப்போது என்று தெரியாது.

என்னால் இருபது அடி நடக்க முடிகிறது. இதை நான் சொல்ல யெனி எழுதுகிறாள். சில இடங்களில் அவளை வெளியே போகச் சொல்லிவிட்டு பெனிட்டா எழுதுகிறாள்.

நான் கேட்டது ஒரு வரி. நீங்கள் ஒன்பது பக்கம் கொடுத்தீர்கள், ருபெர்த்தோவைப் புதைத்த பிறகு.

வாசித்தபோது ஹஸிந்தா முன்வரிசையில் இருந்தாள். முடிந்ததும் வீட்டுக்கு வந்து என் கட்டிலருகே நின்றாள்.

"ஒங்கண்ணன் வீடு எங்க இருக்கு?"

"எதுக்கு ஹஸிந்தா?"

"போவணும். கத்த மாட்டேன், கல்ல எறிய மாட்டேன். ஒண்ணு கேக்கணும்."

"எங்கிட்ட கேளு. நான் எழுதிக் கேக்கறேன்."

"எழுதி எழுதித்தான ரெண்டு பேரும் அவர கொன்னீங்க?"

எனக்கும் இரண்டு லாரி வரைக்கும் காத்திருக்கத்தான் தெரிந்தது. விலாசத்தைக் கொடுத்துவிட்டேன்.

இந்தக் கடிதம் பையில் வரவில்லை. அவள் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன். நீங்கள் இதைப் படித்து முடிக்கும்வரை உங்கள் வாசலில் நிற்பாள். ஒரு பகல் முழுக்க லாரியில் உட்கார்ந்து வந்தவள்.

உள்ளே கூப்பிடுங்கள்.

கசிமிரோ